கரையில் முதல் வீடு

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரின் சரியான பெயரையும் எழுத மாட்டேன். ரங்கூனிலிருந்து பெகு ஆற்றுப் பாலத்தைக் கடந்து, தன்லியின் நகரையும் தாண்டி, பஸ் போகும் சாலையிலிருந்து ஓடைப் பக்கமாக இறங்கினால் வரும் ஒரு சின்னத் தமிழ்க் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்மியர்கள் அதைக் ‘கலாயுவா’ என்பார்கள். இந்தியக்காரன் ஊர் என்று பொருள். மரியாதையாகச் சொல்கிற சொல் அல்ல. நாங்கள் ‘கரை’ என்போம். அவரைக் கரிக்கடை அக்கா என்போம். கரையில் அவரைவிட மூத்தவர்களுக்குக்கூட அவர் அக்காதான். என் மகள் மட்டும் பெரியம்மா என்பாள்.

அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி எழுதுவது எளிது. இருக்கிறவரைப் பற்றி எழுதும்போது, ஒரு வார்த்தை கூடிவிட்டால் யார் கதவை யார் தட்டுவார்களோ என்று இருக்கிறது.

மின்சாரம் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாகிவிட்ட பிறகு கரையில் எல்லா வீட்டிலும் கரி அடுப்புதான். அதனால் எல்லாரும் எப்படியும் அக்கா கடைக்கு வந்தாக வேண்டும். வந்தால் கதை கேட்டாக வேண்டும். ஆள் குள்ளம். காலையில் கன்னம் இரண்டிலும் தனாக்கா மரப்பட்டைக் குழம்பை அப்பிக்கொண்டு உட்காருவார். வெயில் ஏறுவதற்குள் அதன்மேல் கரித்தூள் படிந்து முகம் சாம்பல் பூத்துவிடும். தராசில் ஒரு வீசை கரியை அள்ளிப் போடும் நேரத்துக்குள் ஜப்பான் சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு நடந்தே போனவர்களையும், பிறகு கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர்களையும், போகாமல் தங்கியவர்களையும் சொல்லி முடித்துவிடுவார். வரிசையாகச் சொல்ல மாட்டார். நீங்கள் எந்த வீடோ அந்த வீட்டிலிருந்து தொடங்குவார்.

நான் ரங்கூனில் அலோன் பகுதிப் பெண். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கல்யாணமாகிக் கரைக்கு வந்த முதல் வாரம், கரி வாங்கப் போன என்னை அக்கா பையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார்.

“எந்த வீட்டுக்கு வாழ வந்திருக்கேன்னு தெரியுமா தங்கச்சி?”

“சேகர் வீட்டுக்கு அக்கா.”

“சேகரை விடு, அவன் நேத்துப் பொறந்தவன். அது கரையில மொத வீடு. அதைத் தெரிஞ்சுக்க.”

அப்போது சொன்னதுதான். மேஸ்திரி ஒருவன் நெல் அறுப்புக்கென்று கப்பலில் கூட்டிவந்த ஆட்கள் இவர்கள். அறுப்பு முடிந்து கூலி கேட்கப் போனால் மேஸ்திரி இல்லை. ஊர் திரும்பக் கப்பல் கூலியும் இல்லை. இன்னொரு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினால் மறுபடி அவனுக்கு அடிமை. அதனால், யாருக்கும் வேண்டாத ஓடையோரச் சதுப்புக்குப் போய், மரம் வெட்டி, உப்புத் தண்ணீர் ஏறாமல் மண்ணால் கரை போட்டார்கள். அதற்குள்ளே தங்களுக்கென்று நெல் போட்டார்கள். அடுத்த அறுப்புக்கு நிலக்காரனின் ஆள் வந்து கூப்பிட்டபோது, “எங்களுக்கே அறுப்பு இருக்கு” என்று சொல்லி அனுப்பினார்களாம். அந்த ஒரு வரியைச் சொல்லும்போது அக்காவின் குரல் ஒரு படி ஏறும்.

“மொதக் கூடை மண்ணைப் போட்டது உங்க வீட்டுக்காரனோட முப்பாட்டன் வீரன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நம்பாதே. வீரன் காய்ச்சல்ல கெடந்தான். போட்டது அவன் பொஞ்சாதி அஞ்சலை.”

நான் தலையாட்டினேன். கரிப் பையைக் கொடுத்தார்.

அக்காவின் கதைகள் எனக்குப் பிடித்துத்தான் இருந்தன. ஆனால் போகப்போக ஒரு பயமும் பிடித்தது. காரணம், அக்காவால் ஒரு விஷயத்தைப் பொறுக்கவே முடியாது. கரையில் இருந்தவர்களை யாராவது இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், எதிரே நிற்பது யார், எந்த இடம், எந்தக் காலம் என்று பார்க்க மாட்டார். வாயை மூடிக்கொண்டு பிழைக்கிற ஊரில் இப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் இருப்பது, கூரையில் தீப்பொறி விழுமோ என்று எந்நேரமும் அண்ணாந்து பார்த்தபடி இருப்பது போல.

எங்கள் முனீஸ்வரன் கோவிலுக்கு ரங்கூன் துணி வியாபாரி ஒருவர் தகரக் கூரை போட்டுக் கொடுக்க முன்வந்தார். பாதி வேலை முடிந்திருந்தபோது படையலுக்கு வந்து மாலை போட்டுக்கொண்டு பேசினார். “யாருமே இல்லாத பொட்டல் காடு இது. எங்க தாத்தா மனசு எரங்கி ஏழைகளுக்குக் கொடுத்தாரு” என்றார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அக்கா எழுந்துவிட்டார். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். முந்தானைதான் என் கையோடு வந்தது.

“ஐயா, தகரம் கொடுத்தீங்க, புண்ணியமாப் போகும். எடம் நீங்க கொடுக்கலே. உங்க தாத்தா வர்றப்ப இங்க கரை நின்னுச்சு, நெல்லு நின்னுச்சு, பொணம் பொதைச்ச எடமும் இருந்துச்சு. அவரு வட்டிக்கு விட வந்தவரு.”

யாரோ சிரித்துவிட்டார்கள். வியாபாரி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார். மீதிக் கூரை வரவில்லை. இன்றைக்கும் கோவிலில் பாதி தகரம், பாதி தார்ப்பாய். மழையில் நனைந்தவர்கள் எல்லாரும் அக்காவைத் திட்டினார்கள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு அக்கா என் சமையல்கட்டுக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். டம்ளரை வாங்கிய கை நடுங்கி, பாதித் தண்ணீர் மார்பில் கொட்டியது. எனக்கு அது எதிர்பாராத காட்சி. அவரைப் பயமே இல்லாதவர் என்று நான் நினைத்திருந்தேன்.

“வாய் முந்திக்குது தங்கச்சி. வயிறு பின்னாடி வந்து அழுவுது” என்றார்.

“அப்பப் பேசாம இருந்துடக் கூடாதா அக்கா?”

“இருப்பேன். யாரு என்னை என்ன வேணா சொல்லட்டும், இருப்பேன். இருந்தவங்களை இல்லேன்னு சொல்றப்ப மட்டும் முடியலே.”

பிறகு, அடுப்பைப் பார்த்தபடி, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பாவிடம் சரியான அடையாள அட்டை இல்லை. அட்டை எடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள் வேறு சிலரோடு சேர்த்து அவரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். கைக்குழந்தையான அக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியாக ஒருவர் பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒரு ஆள் இந்த ஊரில் இருந்ததே இல்லை” என்றாராம்.

“இடுப்புல நான் இருக்கேன். என்னைப் பார்த்துக்கிட்டே சொல்லியிருக்கான்” என்றார் அக்கா. அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கரைக்கு வந்த பயம் வேறு மாதிரி. எங்கள் யாக்குவெ ஆபீசில், அதாவது வட்டார அலுவலகத்தில், பழைய தலைவர் பயந்து விலகிவிட்டார். வெளியூரிலிருந்து புதியவர் ஒருவரை உட்காரவைத்தார்கள். அவருக்கு எங்கள் முகங்களும் தெரியாது, பெயர்களும் வாயில் நுழையாது. இரவு யார் வீட்டில் விருந்தாளி தங்கினாலும் எழுதிக்கொடுக்க வேண்டும். நாய் குரைத்தால் சேகர் எழுந்து உட்கார்ந்துவிடுவான். மகள் நிலா தூக்கத்தில் சிணுங்கினால்கூட வாயைப் பொத்தப் பழகினேன்.

அந்த நாட்களில்தான் ஓடைப் பக்கம் நிலம் அளக்க ஆட்கள் வந்தார்கள். கூடவே புதிய தலைவர். கரை முழுவதும் ஜன்னல்கள் மூடிக்கொண்டன. நாடாவைப் பிடித்திருந்தவன் எழுதிக்கொள்பவனிடம் பர்மியில், “காலி நிலம் என்று போடு, இங்கே யாரும் இருந்த அடையாளம் இல்லை” என்றான். நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகாதே அக்கா, போகாதே என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அக்கா கரிக் கையோடு போய்க்கொண்டிருந்தார்.

“ஸயா, காலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் நிற்பது ஒரு குழந்தையின் குழி” என்றார் பர்மியில்.

அந்த ஆள் துள்ளி விலகினான். அக்கா அவர்கள் பின்னாலேயே நடந்தார். இது இன்னார் கிணறு, தூர்ந்துவிட்டது. இது கரை உடைந்து மறுபடி போட்ட இடம். இது பள்ளிக்கூடம் நடந்த கொட்டகை, தூண் குழி தெரிகிறதா பாருங்கள். குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. தலைவர் இரண்டு தரம் போகச் சொன்னார். மூன்றாவது தரம் அக்காவை உற்றுப் பார்த்து, “அம்மா, உங்களுக்கு ஞாபகசக்தி அதிகம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஜன்னல் இடுக்கையும் மூடிவிட்டேன்.

அடுத்த சில நாட்கள் கரி வாங்க யாரும் அக்கா கடைக்குப் போகவில்லை. நானும் மகளை விட்டுத்தான் வாங்கினேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் சமையல்கட்டுக்குத் தண்ணீர் குடிக்கவும் வரவில்லை.

பிறகு ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் சேகர் பெயர் விழுந்தது. போட்டாதாங் படகுத்துறையில் இஞ்சின் ரிப்பேர் வேலை அவனுக்கு. ஒருநாள் காலை, வழக்கம்போல் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் போலப் போனான். நிலாவை முத்தமிடவில்லை, முத்தமிட்டால் அழுவாள், அழுதால் தெருவுக்குத் தெரியும். எல்லைப் பக்கம் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாமல் நான் சோறு வடித்தேன், துணி துவைத்தேன், யாராவது கேட்டால் கப்பலில் வேலை என்று சொன்னேன். ஆள் இல்லையென்றால் வீட்டில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரு முழுவதும் பேச்சு.

அவன் போன மறுநாள் அக்கா வந்தார்.

“கடையில எடம் பத்தலே. உங்க முன்னறையில நாலு மூட்டை போட்டுக்கட்டுமா?”

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? போட்டார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் கரி மூட்டை என்றாகிவிட்டது. பாயெல்லாம் கறுப்பு, நிலாவின் மூக்கெல்லாம் கறுப்பு. பின்வாசல் வழியாகத்தான் நாங்கள் நடமாடினோம். எனக்கு எரிச்சல். இருக்கிற கவலையில் இது வேறா என்று ஒருநாள் முகத்தைக் காட்டியும்விட்டேன்.

“கொஞ்ச நாளைக்குத் தங்கச்சி” என்றார். இன்னொரு மூட்டையை உள்ளே தள்ளினார்.

ஒரு சாயங்காலம் அக்கா கடையில் நின்றுகொண்டிருந்தேன். நிலா கடைக்குள் கட்டிலில் தூங்கிவிட்டிருந்தாள். சாலையிலிருந்து ஒரு லாரி கரைப் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்கு லாரி வர வேலையில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கையைக் கரிக்குள்ள விடு.”

“என்ன அக்கா?”

“விடுங்கிறேன்! முழங்கை வரைக்கும். மூஞ்சியில தேச்சுக்க. உன் மப்பொந்தின்ல எந்த ஊரு போட்டிருக்கு?”

மப்பொந்தின் என்றால் அடையாள அட்டை. “அலோன்” என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு பதிவை மாற்றாமலே விட்டிருந்தேன்.

“அலோன் பொண்ணு நீ. கரி அள்ளுற வேலைக்கு வர்றே. வேற ஒண்ணும் தெரியாது.”

லாரி எங்கள் வீட்டு முன்னால் நின்றது. தலைவர் இறங்கினார், துப்பாக்கியோடு நாலைந்து பேர் இறங்கினார்கள். கதவைத் தட்டினார்கள். பிறகு கடைப் பக்கம் திரும்பினார்கள். நான் மண்டியிட்டுக் கரியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அள்ளுவது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த வேலை.

“இந்த வீட்டுக்காரர்கள் எங்கே?” என்று தலைவர் பர்மியில் கேட்டார்.

“எந்த வீடு ஸயா? இதுவா? இது என் கிடங்கு” என்றார் அக்கா.

“ஸோ மின் என்று ஒருவன்.” அது அட்டையில் சேகருக்கு இருந்த பர்மியப் பெயர். “மனைவி, ஒரு குழந்தை.”

“மஷிபூ.”

இல்லை என்று அர்த்தம். அக்கா வாயில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதாக நினைவில்லை.

“பட்டியலில் பெயர் இருக்கிறது.”

“பட்டியல் பழையது. யாரோ எப்போதோ எழுதியது. கதவைத் திறந்து பாருங்கள்.”

சாவி அவர் இடுப்பில் இருந்தது. திறந்தார்கள். மூட்டைகள். ஒருவன் துப்பாக்கி முனையால் மேல் மூட்டையைக் குத்தினான். கரி சரிந்து அவன் பூட்ஸில் கொட்டியது. அவன் திட்டிக்கொண்டே பின்வாங்கினான். அந்த மூட்டைகளுக்குப் பின்னால் எங்கள் பாய் இருந்தது, சேகரின் சட்டை ஆணியில் தொங்கியது, நிலாவின் செருப்பு கிடந்தது. இன்னும் இரண்டு மூட்டை தள்ளினால் போதும்.

தலைவர் அக்காவின் அருகே வந்தார். “நீங்கள் எல்லாம் ஞாபகம் வைத்திருப்பவராயிற்றே. எனக்குச் சரியாகச் சொல்லுங்கள். இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?”

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எனக்கு அவருடைய பாதங்கள்தான் தெரிந்தன. 

“யாரும் இருந்ததில்லை” என்றார்.

“முன்பு?”

“முன்பும் இல்லை. இது காலி இடம் ஸயா. சும்மா கிடக்கிறதே என்று நான் மூட்டை போட்டேன்.”

“எந்தக் காலத்திலும் ஒரு குடும்பமும் இல்லை?”

“எந்தக் காலத்திலும் இல்லை.”

ஒருவன் என் பக்கம் டார்ச் அடித்தான். அட்டையைக் கேட்டான். கறுத்த விரலால் எடுத்து நீட்டினேன். அலோன் என்று படித்தான். கட்டிலைக் காட்டி, குழந்தை யாருடையது என்றான். “என் பேத்தி” என்றார் அக்கா. நிலா புரண்டு படுத்தாள். விழித்து அம்மா என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அவள் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள்.

தலைவர் கடைப் பலகையிலேயே வைத்து ஒரு தாளில் எழுதினார். காலி இடம், குடியிருப்பு இல்லை, கரி மூட்டை கிடக்கிறது. அக்கா கட்டைவிரல் வைத்தார். மை தேவைப்படவில்லை.

லாரி போனது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையை உயர்த்தித் தடுத்தார். கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வெகுநேரம் கழித்து, முகம் கழுவாமலே வந்து உட்கார்ந்தார்.

“அஞ்சலையை நான் இல்லேன்னு சொல்லிட்டேன்” என்றார்.

“எங்களுக்காகத்தானே அக்கா.”

“யாருக்காகன்னா என்ன? சொல்லிட்டேனே.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் நிலாவும் அலோனுக்கு, என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு துணிப் பையோடு. சேகர் எல்லை தாண்டிவிட்டான் என்று பிறகு செய்தி வந்தது. தாய்லாந்துப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை; எப்போதாவது போன் வரும். அக்காவை ஒருநாள் முழுக்க அலுவலகத்தில் உட்காரவைத்து விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சொன்னதையே சொல்லியிருக்கிறார். காலி இடம் என்று அவரே கைநாட்டு வைத்துவிட்டதால், அந்த இடத்தை எடுத்துக்கொள்ள யாருக்கும் தடையில்லாமல் போயிற்று. எங்கள் வீட்டை இடித்துவிட்டு யாரோ சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். சேகரிடம் சொன்னேன்.  “அக்காவைத் திட்டாதே” என்றான். நான் திட்டவேயில்லை.

அடுத்த வருஷப் படையலுக்கு நாங்கள் போனோம். போயிருக்கக் கூடாது என்று அண்ணன் சொன்னான். சேகருக்காக ஒரு வேண்டுதல் இருந்தது. நிலாவும் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தாள். ஆறு வயதாகியிருந்தது அவளுக்கு. கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பின்னால் நின்றோம். முன்வரிசை நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

படையல் முடிந்து சோறு போடுவதற்கு முன்னால் அக்கா எழுந்து கரை போட்டவர்களின் பேர் சொல்வார். யாரும் கேட்டு அவர் தொடங்கியதில்லை. யார் தடுத்தும் நிறுத்தியதில்லை. குழம்பு ஆறுகிறது என்று ஆண்கள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் நின்று கேட்பார்கள். அன்றும் எழுந்தார். இளைத்துப் போயிருந்தார்.

“மொத வீடு…” என்றார். நின்றார். 

கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை.

“மொத வீடு செவந்தி வீடு. மொதக் கூடை மண்ணைப் போட்டவ செவந்தி.”

செவந்தி இரண்டாவது வீடு. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். வயதான ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். செவந்தியின் கொள்ளுப்பேரன் கண்ணை மூடிக்கொண்டான். ஒருவர்கூடத் திருத்தவில்லை. ஊரே அந்தப் பொய்யைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டது.

“அம்மா, அஞ்சலைப் பாட்டிதானே…” என்று நிலா ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தினேன். தலைவர் திரும்பிப் பார்த்தார்.

அக்காவும் பார்த்தார். கையிலிருந்த சோற்றுச் சட்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். நிலா என் கையை உதறிவிட்டு இரண்டு கையையும் அவரை நோக்கி நீட்டினாள். அக்கா குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, பர்மியில் கேட்டார்.

“பாப்பா, நீங்கள் எந்த ஊர்?”

நிலாவின் கைகள் அந்தரத்தில் நின்றன. அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். “அலோன்.”

“ஓ, தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். சாப்பிட்டுப் போங்கள்.”

நிலாவின் இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தார். இன்னொன்று வைத்தார். மூன்றாவது கரண்டியில் பாதி தரையில் கொட்டியது. சட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்தவர் இலைக்கு நகர்ந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல நெரிசல். நிலா என் மடியில் உட்கார்ந்திருந்தாள். பாலம் நெருங்கும்போது காதருகே வந்து, “பெரியம்மாவுக்கு நான் மறந்துபோச்சாம்மா?” என்றாள்.

“இல்லை.”

“அப்பறம் ஏன் கேட்டாங்க?”

சுற்றிலும் ஆட்கள். “வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சேகரைப் போலவே, இமைக்காமல் பார்ப்பாள். 

பாலத்து முனையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சிப்பாய் ஒருவன் ஏறி, அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். சின்ன வயதுக்காரன், யார் வீட்டுப் பிள்ளையோ. என் அட்டையைப் புரட்டிக்கொண்டே நிலாவைப் பார்த்துச் சிரித்தான்.

“பாப்பா எங்கே போய்விட்டு வருகிறாய்? எந்த ஊர் நீ?”

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“அலோன்” என்றாள், சுத்தமான பர்மியில். பிறகு அவன் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். “நாங்கள் எப்போதுமே அங்கேதான்.”

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனான்.